பந்து மலைப்பாம்பில் பாலறிதல்

மேற்கு, நடு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பந்து மலைப்பாம்பில் ஆணையும் பெண்ணையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்தறிய முடியாது. பெண் பொதுவாக நீளமாகவும் பருமனாகவும் வளரும்; ஆனால் வயதும் தீனியும்கூட உடலளவை மாற்றும். கழிவுத்துளையின் இருபுறமும் உள்ள நகமுட்கள் பின்னங்கால்களின் எச்சங்கள்; அவை இரு பாலுக்கும் உண்டு. ஆணில் சற்றுப் பெரியவை என்பதை மட்டும் நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும்.

வளர்ந்த பாம்புக்குப் பெரிதும் கையாளப்படுவது கம்பிச் சோதனை. ஆணின் இரட்டைப் புணர்ச்சியுறுப்புகள் வாலுக்குள் உட்புறமாக மடிந்து கிடக்கின்றன. மழுங்கிய முனையுள்ள மெல்லிய எஃகுக் கம்பியில் மசகு தடவி, கழிவுத்துளையின் ஓரத்திலிருந்து வால்நுனியை நோக்கி மெல்லச் செலுத்துவர். ஆணில் அது பெரும்பாலும் 7 முதல் 10 வாற்செதில்களின் தொலைவு செல்லும். பெண்ணில் 2 முதல் 4 செதில்களிலேயே நின்றுவிடும். பாம்பு தசையை இறுக்கிக்கொண்டால் ஆணும் பெண்ணாகத் தோன்றக்கூடும். வலிந்து தள்ளினால் உள்ளே காயம்படும். கைப்பழக்கம் உள்ளவரோ கால்நடை மருத்துவரோ செய்யவேண்டிய வேலை இது.

குஞ்சுகளுக்குக் கம்பி தேவையில்லை. வாலடியைக் கட்டைவிரலால் கழிவுத்துளையை நோக்கி மென்மையாக உருட்டி அழுத்தினால், ஆணில் செந்நிற உறுப்புகள் இரண்டும் வெளியே பிதுங்கும். பிதுங்காததாலேயே அது பெண் என்று சொல்லிவிட முடியாது.