கண்ணாடியை விட்ட கேமராவும், தண்ணீருக்கு அஞ்சாத கேமராவும்

ஓய்வு பெற்ற நண்பர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு சர்க்கரை, ரத்த அழுத்தம், பேரப்பிள்ளைகள் என்று ஒரு சுற்று சுற்றி, கடைசியில் ஏதாவது பயணத்தில் வந்து நிற்கும். அந்தமான் போகிறோம், கேரளாவில் படகு வீடு பார்த்திருக்கிறோம், பையன் வெளிநாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறான் என்பார்கள். அடுத்த கேள்வி இது: "சார், செல்போன் படம் போதவில்லை. நல்ல கேமரா ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். மிரர்லெஸ் வாங்கவா, தண்ணீரில் விழுந்தாலும் கெடாத சின்னக் கேமரா வாங்கவா?"

கடைக்காரரிடம் கேட்டால் மெகாபிக்சல் கணக்கு சொல்வார். எனக்குப் பழங்கதையில்தான் ஆசை அதிகம். இந்த இரண்டு கேமராக்களும் எந்த வழியாக வந்தன என்று தெரிந்தால், எதை வாங்குவது என்ற கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். அதனால் இந்த வாரம் இந்தக் கதை.

முதலில் மிரர்லெஸ். 'கண்ணாடி இல்லாதது' என்று ஒரு பொருளுக்குப் பெயர் வைக்கிறார்கள் என்றால், முன்பு அதில் ஒரு கண்ணாடி இருந்திருக்க வேண்டும் அல்லவா? முகம் பார்க்கிறோமே, அந்த வகைக் கண்ணாடிதான். அது கேமராவுக்குள் ஏன் போனது?

1960களிலும் 70களிலும் நம் வீடுகளில் இருந்த ஆக்ஃபா கிளிக் த்ரீ பலருக்கு நினைவிருக்கும். 120 ரோல் போட்டால் 12 படம். கண் வைத்துப் பார்க்கும் சின்ன ஜன்னல் ஒன்று, படம் பிடிக்கும் லென்ஸ் வேறு. ஜன்னல் மேலே, லென்ஸ் கீழே. தூரத்தில் நிற்பவரை எடுத்தால் வித்தியாசம் தெரியாது. கிட்டே வந்து எடுத்தால், நாம் பார்த்தது ஒன்று, ரோலில் விழுவது ஒன்று. கழுவி வந்த படத்தில் பெரியப்பாவின் தலை பாதி இருக்காது.

லென்ஸ் பார்ப்பதையே கண்ணும் பார்க்க வேண்டும் என்றால் என்ன செய்வது? லென்ஸுக்குப் பின்னால் ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்து, உள்ளே வரும் வெளிச்சத்தை மேலே திருப்பிவிட வேண்டும். படம் எடுக்கும் நொடியில் கண்ணாடி விலகி ஃபிலிமுக்கு வழிவிட வேண்டும். இந்த யோசனைக்கு இங்கிலாந்தில் தாமஸ் சட்டன் என்பவர் 1861லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் 35 மி.மீ. ஃபிலிமுக்கு ஏற்ற கைக்கு அடக்கமான கேமராவாக அது வர 1936 ஆயிற்று. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் செய்த எக்ஸாக்டா அது.

அதிலும் குறைகள் இருந்தன. குனிந்து மேலிருந்துதான் பார்க்க வேண்டும். இடது வலது மாறித் தெரியும். 1949ல் அதே டிரெஸ்டனில் இருந்து வந்த கான்டாக்ஸ் எஸ், ஐந்து பக்கப் பட்டைக் கண்ணாடி ஒன்றைத் தலையில் வைத்து அந்தக் குறையைத் தீர்த்தது. படம் எடுத்ததும் மேலே போன கண்ணாடி அங்கேயே நின்று, பார்வை இருண்டு போவது அடுத்த குறை. அடுத்த படத்துக்குச் சாவி கொடுத்தால்தான் மறுபடி தெரியும். 1954ல் ஜப்பானின் அசாஹி கம்பெனி, மேலே போன கண்ணாடி கண் இமைப்பதற்குள் தானே கீழே வரும்படி செய்தது. 1959ல் நிக்கான் எஃப் வந்தது. அதன் பிறகு சுமார் ஐம்பது ஆண்டுகள் பத்திரிகைக்காரர்கள், கல்யாண போட்டோகிராபர்கள் எல்லோர் கழுத்திலும் தொங்கியது இந்தக் கண்ணாடி வைத்த எஸ்.எல்.ஆர். தான். அந்த 'சளக்' சத்தம், கண்ணாடி துள்ளி விழும் சத்தம்.

கண்ணாடி துள்ள இடம் வேண்டும். நிக்கானின் பழைய முறையில் லென்ஸ் மாட்டும் இடத்துக்கும் ஃபிலிமுக்கும் நடுவே 46.5 மி.மீ. தூரம். அந்தத் தூரத்தால் கேமராவின் வயிறும் பெருத்தது, எடையும் கூடியது.

பிறகு ஃபிலிம் போய் சென்சார் வந்தது. கோடாக் கம்பெனியில் ஸ்டீவன் சாசன் என்ற இளம் எஞ்சினியர் 1975ல் செய்த முதல் டிஜிட்டல் கேமரா, ஒரு படத்தை ஆடியோ கேசட்டில் பதிய 23 விநாடி எடுத்துக்கொண்டது. ஆனால் பெரிய மாற்றத்துக்கு விதை அதில் இருந்தது. ஃபிலிம் தான் பார்ப்பதை நமக்குச் சொல்லாது; சென்சார் சொல்லும். படம் பிடிப்பதே படத்தைக் காட்டவும் செய்யும் என்றால், நடுவே கண்ணாடி எதற்கு?

2008ல் பானசோனிக் ஜி1 கண்ணாடியைக் கழற்றிவிட்டது. 2013ல் சோனி, பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுக்குச் சமமான சென்சாரை அப்படிப்பட்ட உடலில் வைத்தது. 2018ல் நிக்கானும் கேனனும் அந்த வழிக்கு வந்தன. நிக்கானின் புது முறையில் அந்த 46.5 மி.மீ. இப்போது 16 மி.மீ. மிரர்லெஸ் என்பது இவ்வளவுதான். பெரிய சென்சார், மாற்றக்கூடிய லென்ஸ் எல்லாம் எஸ்.எல்.ஆரின் சொத்துகள். அவற்றை வைத்துக்கொண்டு கண்ணாடியை மட்டும் வீட்டை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

இனி தண்ணீர்ப் பக்கத்துக் கதை. அது இதைவிடச் சுவையானது.

1856ல் இங்கிலாந்தின் வேமத் கடற்கரையில் வில்லியம் தாம்சன் என்பவர் கேமராவை ஒரு பெட்டிக்குள் வைத்துப் படகிலிருந்து கடலுக்குள் இறக்கினார். பெட்டிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. ஆனாலும் கடலடியின் மங்கலான படம் ஒன்று கிடைத்தது. 1893ல் பிரான்சின் தென்கோடியில் உள்ள பான்யூல் என்ற ஊரில், லூயி பூத்தான் என்ற உயிரியல் பேராசிரியர் தாமே கடலுக்குள் இறங்கினார். அந்தக் காலத்து முழுக்கு உடை, தலைக்கு உலோகக் கவசம். வெளிச்சம் போதாமல் ஒரு படத்துக்கு அரைமணி நேரம் வரைகூட கேமராவைத் திறந்து வைத்திருக்க வேண்டியிருந்ததாம். அரைமணி நேரம் எந்த மீன் நமக்காக நிற்கும்?

அதன் பிறகு வெகுகாலம் நிலத்துக் கேமராவைப் பெட்டியில் அடைத்துக் கொண்டுபோவதுதான் வழக்கம். பெட்டியே வேண்டாம், கேமராவே தண்ணீரைத் தாங்கட்டும் என்று நினைத்தவர் கடல் ஆராய்ச்சிக்காரர் ஜாக் கூஸ்தோ. அவருக்காக பெல்ஜியத்து எஞ்சினியர் ஜான் டி வூட்டர்ஸ் ஒரு கேமரா வடிவமைத்தார். கூஸ்தோவின் கப்பல் பெயரையே வைத்து அதற்கு 'கலிப்ஸோ' என்று பெயர். அதைச் செய்யும் உரிமையை நிக்கான் வாங்கி, 1963ல் 'நிக்கானோஸ்' என்று வெளியிட்டது. 2001 வரை அந்த வம்சம் ஓடியது.

அதில் தண்ணீரைத் தடுத்தது பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. மூடி சேரும் இடங்களில் ரப்பர் வளையங்கள். நம் வீட்டு பிரஷர் குக்கர் கேஸ்கெட் செய்கிற வேலைதான். குக்கரில் நீராவி வெளியே போகக் கூடாது, இதில் தண்ணீர் உள்ளே வரக் கூடாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த நிக்கானோஸிலும் கண்ணாடி கிடையாது. தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு லென்ஸைத் திருப்ப வேண்டியதுதான். தண்ணீருக்குள் நாலடியில் இருக்கும் மீன் மூன்றடியில் இருப்பதுபோலத் தெரியும். கண் ஏமாறுவது போலவே லென்ஸும் ஏமாறுவதால், கண்ணுக்குத் தெரிந்த மூன்றடியையே வைத்தால் படம் சரியாக விழும். 1992ல் கண்ணாடியோடு ஒரு நிக்கானோஸ் செய்து பார்த்தார்கள். எடையும் விலையும் அதிகமாகி, சில ஆண்டுகளில் நின்றுபோனது.

சாதாரண ஜனங்களுக்கு நீர்புகா கேமரா வந்தது வேறு வழியாக. ஜப்பானில் கட்டட வேலை நடக்கும் இடங்களில் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து வைப்பது வழக்கம். 1980களின் இறுதியில் கொனிக்கா கம்பெனி அதற்கென்றே தூசிக்கும் தூறலுக்கும் அஞ்சாத ஒரு கேமராவைச் செய்து, 'சைட் சூப்பர்வைசர்' என்று பொருள்படும் ஜப்பானியப் பெயரை வைத்தது. டிஜிட்டல் வந்தபின் 2006ல் ஒலிம்பஸ், மூன்று மீட்டர் ஆழத்தையும் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதையும் தாங்கும் சட்டைப்பைக் கேமராவைத் தந்தது. இன்று அதன் வழிவந்தவை 15 மீட்டர் ஆழம் வரை போகின்றன.

இந்தச் சின்னக் கேமராக்களில் லென்ஸ் வெளியே நீளாது. நீண்டால் அந்த இடைவெளியில் தண்ணீர் புகும். அதனால் முன்பக்கம் வரும் வெளிச்சத்தை உள்ளே ஒரு பட்டகத்தால் மடக்கி, உடலுக்குள்ளேயே லென்ஸை ஓடவிடுகிறார்கள். பெரிய கேமராவிலிருந்து கண்ணாடி வெளியேறிய காலத்தில், சின்னக் கேமராவின் வயிற்றுக்குள் வெளிச்சத்தைத் திருப்பும் வேலை குடியேறியிருக்கிறது.

இரண்டையும் ஒன்றாக்க முடியாதா என்று கேட்பீர்கள். 2013ல் நிக்கான் அதையும் செய்தது. ஏ.டபிள்யூ.1 என்ற மிரர்லெஸ், 15 மீட்டர் ஆழம் வரை போகும், லென்ஸும் மாற்றலாம். ஆனால் அதற்கென்று வந்த நீர்புகா லென்ஸ்கள் இரண்டே இரண்டு. நிக்கான் அதற்கு வாரிசு விடவில்லை. கல்யாணம் நடந்தது, குடும்பம் நிலைக்கவில்லை. ஆகவே இன்றும் நாம் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

இங்கே சொந்த விஷயம் ஒன்று சொல்கிறேன். எங்கள் வீட்டு ஆல்பத்தில் மழை இல்லை. ஆறு இல்லை, கடல் இல்லை. ஆடிப் பதினெட்டுக்குக் காவிரிப் படித்துறையில் அம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்று, நனைந்த தலைப்பைப் பிழிந்துகொண்டே சிரித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்குப் படம் கிடையாது. மாமாவிடம் கேமரா இருந்தது. அதைத் தண்ணீர்ப் பக்கம் கொண்டுவரமாட்டார். அவரைக் குறை சொல்ல முடியுமா? நனைந்தால் கேமராவும் போச்சு, ரோலும் போச்சு. அம்மாவுக்கு இருப்பது ஸ்டுடியோவில் எடுத்த ஒரே படம். சேலை மடிப்பு, வளையல், மூக்குத்தி எல்லாம் துல்லியம். ஆனால் அதில் இருப்பது கொஞ்சம் பயந்துபோன ஒரு பெண். சிரிக்கிற அம்மா என் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறாள்; என் பிள்ளைகளுக்கு அவளைத் தெரியாது. இப்படி எத்தனை வீடுகள்! எந்தக் கேமரா எங்கே போக முடிந்ததோ, அந்த இடத்து நினைவுதான் காகிதத்தில் நின்றிருக்கிறது.

இதனால் சின்னக் கேமராவே மேல் என்று சொல்லவரவில்லை. அந்த ஸ்டுடியோ படத்தின் துல்லியத்துக்கும் மதிப்பு உண்டு. மழை பெய்யும்போது முற்றத்தில் ஒரு டம்ளரையும் ஓர் அண்டாவையும் வையுங்கள். எதில் அதிகம் சேரும்? சென்சாரும் அப்படித்தான். நீர்புகா சின்னக் கேமராவின் சென்சார் சுமார் 28 சதுர மி.மீ. நடுத்தர மிரர்லெஸில் சுமார் 365. முழு அளவு சென்சாரில் 864. கிட்டத்தட்ட 13 மடங்கு, 30 மடங்கு வித்தியாசம். பகல் வெயிலில் இது பெரிதாகத் தெரியாது. கோயில் கர்ப்பக்கிரக வாசலில், மாலை விளக்கு வெளிச்சத்தில், கல்யாண மண்டபத்தில் சின்னக் கேமராவின் படம் பொரிப்பொரியாக வரும். மிரர்லெஸ் அங்கே ராஜா. பறவை பார்க்கும் ஆசை இருந்தாலும் நீள லென்ஸ் மாட்டிக்கொள்ள அதுதான் வழி. பூவுக்குள் எறும்பு எடுக்க வேண்டுமானால், ஒரு சென்டிமீட்டர் வரை கிட்டே போகக்கூடிய சின்னக் கேமராக்கள் உண்டு.

மிரர்லெஸ் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'தூறல் தாங்கும்' என்பது வேறு, 'தண்ணீர் புகாது' என்பது வேறு. தூறல் தாங்கும் கேமராவைக் கடலில் போட்டால் அதோடு சரி. கடற்கரைக் காற்றில் லென்ஸ் மாற்றவும் கூடாது. முன்னே கண்ணாடி மறைவு இல்லாததால் மணல் சென்சார் வரை போய்விடலாம். நம் ஊர் ஈரக்காற்றில் பீரோவில் பூட்டி வைத்த லென்ஸில் பூஞ்சை படர்வதைப் பலரும் பார்த்திருக்கிறோம். சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பா அவசியம்.

நீர்புகா கேமராவுக்கும் பக்குவம் உண்டு. பேட்டரி மூடியின் ரப்பரில் ஒரு தலைமுடியோ ஒரு மணலோ ஒட்டியிருந்தால் போதும், தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும். கடலில் நனைந்தால் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். குக்கர் கேஸ்கெட் போல இந்த ரப்பருக்கும் வயதாகும். பழைய கேமராவை நம்பிக் கடலில் இறங்காதீர்கள்.

ஆக, என் பதில் இது. கழுத்தில் ஒரு கிலோவைச் சுமந்து ஒரு நாள் முழுக்க நடக்கத் தெம்பும், லென்ஸ்களுக்குத் தனியாகப் பணமும், கற்றுக்கொள்ளப் பொறுமையும் இருந்தால் மிரர்லெஸ் வாங்குங்கள். பேரக்குழந்தைகளோடு அருவி, ஆறு, படகு, மழை என்று அலையப் போகிறீர்கள் என்றால் நீர்புகா சின்னக் கேமரா போதும். அதைக் குழந்தைகள் கையிலும் பயமில்லாமல் கொடுக்கலாம். அப்போது நீங்களும் படத்தில் இருப்பீர்கள்.

பணம் கட்டும் முன் உங்கள் வீட்டு ஆல்பத்தை எடுத்து ஒருமுறை நிதானமாகப் புரட்டிப் பாருங்கள். அதில் எது இல்லையோ, அதை எடுக்கக்கூடிய கேமராவை வாங்குங்கள்.