சைலன்சரை மட்டும் மாற்றினால் வேகம் கூடுமா?

விருதுநகரிலிருந்து சாத்தூர் செல்லும் நான்குவழிச் சாலையில், சூலக்கரைப் பக்கம் மாலையில் நின்றால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. புது பைக் வாங்கியதும் நம் பிள்ளைகள் பலர் முதலில் கழற்றுவது கம்பெனி சைலன்சரைத்தான். சத்தம் கூடினால் சக்தியும் கூடிவிட்டதாக நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு.

காற்று உள்ளே வரும் வழியும் புகை வெளியேறும் வழியும் ஒரே பாதையின் இரு முனைகள். ஏர் ஃபில்டர் பெட்டி பழையபடி இருக்க, பின்னால் மட்டும் அகலக் குழாய் மாட்டினால் பயன் சொற்பம். புகை வெளியேறும் வேகம் தளர்ந்து, குறைந்த வேகத்தில் இருந்த பிக்கப்பும் போய்விடும்.

இரண்டையும் திறந்துவிட்டால் போதுமா என்றால் போதாது. ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய, எடைக் கணக்கில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும்; முழுச் சக்தி எடுக்கும்போது பெட்ரோல் இன்னும் சற்றுக் கூடுதலாகத் தேவை. கார்புரேட்டரின் மெயின் ஜெட்டைப் பெரிதாக்காமல் காற்றை மட்டும் கூட்டினால் எஞ்சின் சூடேறும், பிளக் வெளுக்கும், ஆக்சிலேட்டரை விட்டதும் சைலன்சர் படபடவென வெடிக்கும். அந்த வெடிச்சத்தத்தைத்தான் சிலர் பெருமையாகக் கேட்கிறார்கள்! அப்படியே முறுக்கினால் பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும். மாதத் தவணை முடியுமுன் பட்டறைக்குப் போன வண்டிகள் எத்தனையோ.

1985இல் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் சைலன்சர் எஞ்சினின் ஓர் உறுப்பே. உள்ளிருந்து திரும்பும் அழுத்த அலை, எரியாமல் நழுவும் கலவையைச் சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளுகிறது. அதைக் குடைந்து காலியாக்கினால் இழுவை போய் இரைச்சலே மிஞ்சும்.

2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ் 6 வண்டிகளில் ஆக்சிஜன் சென்சார் பார்த்து இசியூ பெட்ரோலைத் திருத்தும். ஆனால் ஓர் எல்லை வரைதான். முழு ஆக்சிலேட்டரில் அது பதிவான கணக்கையே பின்பற்றும். அதற்கு மேல், தெரிந்தவரிடம் இசியூவைத் திருத்தியமைக்க வேண்டும்.

நம் கரிசல் காட்டில் திறந்த ஃபில்டர் இன்னொரு வம்பு. உள்ளே போகும் தூசி சிலிண்டரை அராவி, சீக்கிரமே ரீபோர் செலவு வைக்கும்.

மோட்டார் வாகனச் சட்டமும் உண்டு. ஒலி, புகை விதிகளை மீறினால் 190(2)ஆம் பிரிவின்படி 3 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டுமே. உரிமமும் 3 மாதம் பறிபோகும். வேகத்தில்தான் ஆசை என்றால் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் பந்தயத் தளம் இருக்கிறது.