இரு மன்றங்களும் ஒரு மனச்சான்றும்: இந்தியக் கத்தோலிக்கரின் மணவிலக்கு வரலாறு

முன்னுரை

மனச்சான்று என்னும் தமிழ்ச் சொல்லில் உள்ள 'சான்று' வழக்குமன்றத்துக்கு உரியது. மன்றத்தில் சான்றுகள் முரண்பட்டால் நடுவர் தீர்த்துவைப்பார். நடுவர்களே இருவராகி, ஒருவர் தீர்ப்பை மற்றவர் ஏற்காதபோது, முரணைத் தாங்கும் சுமை வழக்காடியவரின் உள்ளத்தின்மேல் விழுகிறது. இந்தியக் கத்தோலிக்கரின் மணவிலக்கு வரலாறு இத்தகையது. அரசின் சட்டமும் திருச்சபைச் சட்டமும் ஒரே மணத்தைத் தனித்தனியே அளந்தன. 1866ஆம் ஆண்டு முதல் அவ்விரண்டும் எங்கெங்கே சந்தித்தன, எங்கெங்கே விலகின, அவ்விலகலில் மனச்சான்றுக்கு எவ்விடம் கிடைத்தது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

முறிவும் இன்மையும்

திருமுழுக்குப் பெற்ற இருவர் முறையாக மணந்து கூடி வாழ்ந்தபின், அம்மணத்தை இறப்பைத் தவிர எந்த மனித ஆற்றலாலும் முறிக்க இயலாது என்பது கத்தோலிக்கக் கோட்பாடு. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1141ஆம் விதி இதனை உரைக்கிறது. எனினும், மணத்தின் தொடக்கத்திலேயே உரிய இசைவு இல்லையெனில், அம்மணம் உண்டாகவே இல்லை எனத் திருச்சபைத் தீர்ப்பாயம் அறிவிக்கலாம். முன்னது இருந்ததை முறித்தல். பின்னது இல்லாததை இல்லை எனக் கூறுதல். இவ்வேறுபாட்டை மறந்தால் பின்வரும் வரலாறு விளங்காது.

முறிவே அறியாத சட்டமாகவும் இது இருந்ததில்லை. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் ஏழாம் அதிகாரம், நம்பிக்கை கொள்ளாத துணைவர் பிரிந்து செல்வாராயின், நம்பிக்கை கொண்டவர் அவரோடு கட்டுண்டவர் அல்லர் என்கிறது. இதன் அடிப்படையில் எழுந்ததே பவுலின் சலுகை. 16ஆம் நூற்றாண்டில் மறைபரப்பு விரிந்தபோது, பல மனைவியரை உடையோர் திருமுழுக்குப் பெறுங்கால் எவரைத் துணையாகக் கொள்வது என்னும் வினா எழுந்தது. திருத்தந்தையர் மூன்றாம் பவுல் 1537இலும், ஐந்தாம் பயஸ் 1571இலும், பதின்மூன்றாம் கிரகோரி 1585இலும் இத்தகைய வினாக்களுக்கு விடையளித்தனர். ஐரோப்பாவில் இறுகியிருந்த விதி, புதிய நாடுகளின் குடும்ப வாழ்வைக் கண்டபோது நெகிழ்ந்தது என்பது இங்குக் கருதத்தக்கது.

1866: அரசு இடம் விட்ட நிலை

இந்தியாவில் கிறித்தவராக மாறியவரை அவர்தம் துணைவர் கைவிட்டால் என் செய்வது என்னும் வினாவுக்கு ஆங்கில அரசு 1866இல் ஒரு சட்டம் இயற்றியது. மதமாற்றத்தைக் காரணமாகக் கொண்டு துணைவர் ஆறு மாதம் தொடர்ந்து கைவிட்டிருப்பின், மாறியவர் நீதிமன்றத்தை அணுகி மணவிலக்குக் கோரலாம் என்றது அச்சட்டம். பவுலின் கருத்தே இங்கு அரசின் மொழியில் பேசுகிறது எனலாம்.

அச்சட்டத்தில் கத்தோலிக்கருக்கெனத் தனி விதியொன்று இருந்தது. கத்தோலிக்க மறைக்கு மாறிய இந்தியர் தம் திருச்சபையின் விதிகளுக்கும் சடங்குகளுக்கும் இணங்கச் செய்துகொண்ட எம்மணத்தையும் இச்சட்டம் செல்லாததாக்காது என்பதே அது. அந்த ஓர் எல்லைக்குள் மட்டும் திருச்சபையின் தீர்ப்புக்கு அரசு குறுக்கே நிற்கவில்லை.

1869: ஒரே சட்டம், இரு நம்பிக்கைகள்

மூன்று ஆண்டுகளில் நிலை மாறியது. இங்கிலாந்தின் 1857ஆம் ஆண்டு மணவழக்குச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு 1869இல் இந்திய மணவிலக்குச் சட்டம் பிறந்தது. சீர்திருத்தச் சபையினர், கத்தோலிக்கர் என்னும் வேறுபாடின்றி அது கிறித்தவர் அனைவருக்கும் பொதுவாயிற்று. அதன் 10ஆம் பிரிவின்படி, மனைவியின் பிறன்தொடர்பு ஒன்றே கணவன் மணவிலக்குப் பெறப் போதுமானது. மனைவியோ கணவனின் பிறன்மனைத் தொடர்போடு கொடுமையையோ ஈராண்டுக் கைவிடுதலையோ சேர்த்து மெய்ப்பிக்க வேண்டும். மாவட்ட நீதிமன்றம் மணவிலக்கு அளித்தாலும் உயர் நீதிமன்றம் அதனை உறுதிசெய்தாக வேண்டும்.

மணவிலக்குப் பெற்றோருக்கு மறுமணம் செய்துவைப்பதில் இங்கிலாந்துத் திருச்சபைக் குருவுக்கு இருக்கக்கூடிய தயக்கத்தை அச்சட்டம் மதித்தது; பிறன்தொடர்பால் விலக்கப்பட்டவருக்கு மணம் செய்துவைக்குமாறு அவரை வற்புறுத்தலாகாது என விதித்தது. குருவின் மனச்சான்று சட்டத்தில் இடம்பெற்றது. மணந்தவரின் மனச்சான்றுக்கு அத்தகைய இடமில்லை.

நூற்றாண்டுக்கும் மேலாக இந்நிலை நீடித்தது. 1995இல் கேரள உயர் நீதிமன்றத்தின் முழு ஆயம், பெண்ணுக்கு மட்டும் கூடுதல் சுமை ஏற்றிய சொற்களை நீக்கியது. கொடுமையோ கைவிடுதலோ தனித்தே போதுமென்றாயிற்று. 2001ஆம் ஆண்டுத் திருத்தம் இருபாலர்க்கும் ஒரே காரணங்களை வகுத்தது. உயர் நீதிமன்ற உறுதிப்பாட்டைக் கைவிட்டு, இருவர் இசைவால் பிரியும் வழியையும் அது திறந்தது.

1996: மன்றங்கள் மோதிய இடம்

பெண்ணுக்கு இழைத்த அநீதி இவ்வாறு திருந்தினும் மன்றங்களின் பிளவு தீரவில்லை. ஒரு பெண்ணின் முதல் மணம் செல்லாதெனத் திருச்சபைத் தீர்ப்பாயம் அறிவித்தது. அவர் மறுமணம் புரிந்தார். அம்மறுமணம் வழக்காகி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மணவிலக்குச் சட்டம் ஏற்காத திருச்சபைத் தீர்ப்பாயத்தின் ஆணை அரசின் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. எனவே முதல் மணம் நிலைத்திருக்க, இரண்டாவது மணமே செல்லாது என 1996இல் தீர்ப்பாயிற்று. திருச்சபைத் தீர்ப்பாயங்களின் ஆணைக்குச் சட்ட ஏற்பு வேண்டிய பொதுநல மனுவையும் அந்நீதிமன்றம் 2017இல் தள்ளியது.

இதன் விளைவு எளிய கத்தோலிக்கரின் வாழ்வில் கடுமையானது. திருச்சபைக்குக் கீழ்ப்படிந்து அதன் ஆணையின்பேரில் மட்டும் மறுமணம் புரிந்தவர் அரசின் பார்வையில் துணைவர் இருக்கவே மற்றொருவரை மணந்தவராகிறார். அரசின் ஆணையை மட்டும் பெற்று மறுமணம் புரிந்தவரோ நற்கருணைக்கு விலக்கானவராகிறார். இரண்டையும் பெற முயல்பவருக்கு வேறொரு முரண் காத்திருக்கிறது. உளவியல் காரணங்களால் மணப்பொறுப்பை ஏற்க இயலாமை திருச்சபைச் சட்டத்தில் மணஇன்மைக்குக் காரணம். அரசுச் சட்டத்தின் இன்மைக் காரணங்கள் அதனினும் குறுகியவை. ஆகவே, ஒருபோதும் மணமே நிகழவில்லை எனத் திருச்சபை கூறியதை நம்பும் ஒருவர், அதே மணத்தை முறித்துத் தருமாறு அரசின் மன்றத்தில் மனு எழுத வேண்டியிருக்கிறது. சட்ட உரிமைகளைக் காக்க வேறு வழியில்லையெனில் அரசு மணவிலக்கைப் பொறுத்துக்கொள்ளலாம் என 1992ஆம் ஆண்டுக் கத்தோலிக்க மறைக்கல்வி நூல் கூறுவது இத்தகையோர்க்கு ஓரளவு ஆறுதல் தரும்.

திருச்சபைக்குள் மனச்சான்று

திருச்சபைக்குள்ளும் இவ்வினா ஓயவில்லை. மனச்சான்றினை மனிதன் கடவுளோடு தனித்திருக்கும் உள்ளிடமாக இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் விளக்கியது. 1981இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், தம் முன்மணம் செல்லாததே என மனச்சான்றில் உறுதிகொண்டு மறுமணம் புரிந்தோரும் உளர் என்பதை ஏற்றார். ஆயினும் கணவன் மனைவியாகக் கூடி வாழும்வரை அவர்களுக்கு நற்கருணை இல்லை என்னும் நெறியை நிலைநிறுத்தினார். 1993இல் செருமனியின் ஆயர்கள் சாயர், லேமன், காஸ்பர் மூவரும் தனியாள் மனச்சான்றுக்கு வழிவிட முயன்றனர். கருதினால் இராட்சிங்கர் தலைமையிலான நம்பிக்கைக் கோட்பாட்டுப் பேராயம் 1994இல் அதனை மறுத்தது. மணம் பொதுநிகழ்வு; அதன் செல்லாமையைத் தனியாள் தனக்குத் தானே தீர்த்துக்கொள்ளலாகாது என்பது அதன் வாதம்.

2015இல் திருத்தந்தை பிரான்சிஸ், மணஇன்மைத் தீர்ப்பை இரண்டாம் மன்றமும் உறுதிசெய்ய வேண்டும் என்னும் 1741ஆம் ஆண்டு விதியை நீக்கினார். 2001இல் இந்திய அரசு நீக்கிய உயர் நீதிமன்ற உறுதிப்பாட்டோடு இதனை ஒப்பிடலாம்: இரு சட்டங்களும் ஒரே வகைச் சுமையைப் பதினான்கு ஆண்டு இடைவெளியில் இறக்கிவைத்தன. 2016இல் அவர் வெளியிட்ட 'அன்பின் மகிழ்ச்சி' என்னும் ஊக்கவுரை, மனச்சான்றுகளை உருவாக்குவதே திருச்சபையின் பணி, அவற்றின் இடத்தைத் தான் பிடித்துக்கொள்வதன்று என்னும் கருத்தை முன்வைத்தது. தனித்தனிச் சூழலைப் பகுத்தறியும் பொறுப்பை மேய்ப்பர்க்கு அளித்தது. கருதினால்கள் நால்வர் அவ்வாண்டே எதிர்வினா எழுப்பினர். விவாதம் முடிந்துவிடவில்லை.

முடிவுரை

மனச்சான்று என்பதைச் சட்டத்தைத் தட்டிக்கழிக்கும் உரிமையாகக் கொள்வோரும், சட்டத்துக்கு அடங்கிய எதிரொலியாகக் கொள்வோரும் உளர். இவ்வரலாறு இரண்டையும் ஏற்கவில்லை. 1996ஆம் ஆண்டு வழக்கின் பெண் தம் திருச்சபையின் சட்டத்தை மீறியவர் அல்லர். அதன் ஆணையைப் பெற்றவர். அவ்வாணையே அரசின் மன்றத்தில் அவருக்குத் துணைநிற்கவில்லை. இங்கு மனச்சான்று விதிவிலக்கைக் கேட்கவில்லை. இரு சட்டங்கள் ஒன்றையொன்று காணாதிருந்ததன் விலையையே செலுத்தியது. அவ்விலையைக் குறைக்க அரசு ஒரு முறை இடம் விட்டதும் உண்டு. 1866ஆம் ஆண்டின் அச்சிறு விதி அதற்குச் சான்று. மன்றங்கள் இரண்டாக நீடிப்பினும், ஒன்றின் தீர்ப்பால் பாதிக்கப்படுபவரை மற்றது கண்ணெடுத்துப் பார்க்க இயலும் என்பதை அவ்விதி காட்டுகிறது.