உளியை நிறுத்திய கை

கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் எல் கேப்பிடன் என்னும் பெரும்பாறை ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாய் எழுந்து நிற்கிறது. அதன்மீது ஏறியோரின் பெயர்களும் அவர்கள் எடுத்துக்கொண்ட நாள்களும் கவனமாகக் குறித்து வைக்கப்பட்டுள்ளன. அக்குறிப்புகளைப் புரட்டும் நம்மை, வெற்றிகளைவிட ஒரு மனமாற்றமே நெடுநேரம் சிந்திக்க வைக்கிறது.

அப்பாறை முகத்தை முதன்முதலில் வென்றவர் வாரன் ஹார்டிங். 18 மாதங்களில் விட்டுவிட்டுத் தொடர்ந்த முயற்சியில் 45 நாள்கள் பாறையில் உழைத்தார். இறுதி இரவு முழுவதும் துளையிட்டு 28 ஆணிகளை அறைந்து, 1958 நவம்பர் 12 விடியலில் இரு தோழருடன் உச்சியை அடைந்தார். 1960இல் ராயல் ராபின்ஸ் மூன்று தோழருடன் அதே வழியை ஏழே நாள்களில் ஏறி முடித்தார். பாறையின் இயல்பான வெடிப்புகளை நம்பியே ஏற வேண்டும். துளையிடுவது வேறு வழியற்றபோது மட்டுமே என்பது ராபின்ஸின் கொள்கை.

1970இல் ஹார்டிங், டீன் கால்டுவெல் என்பவருடன் அப்பாறையின் மற்றொரு சுவரில் 27 நாள்களைக் கழித்தார். மழையும் பசியும் வாட்டியபோதும், மீட்க முன்வந்தோரின் உதவியை இருவரும் மறுத்துவிட்டனர். உச்சியில் செய்தியாளர் கூட்டம் காத்திருந்தது. ஆயின், அவர்கள் சென்ற வழியில் 300க்கும் மேற்பட்ட துளைகள் இருந்தன.

இது பாறைக்கு இழைத்த அநீதி எனக் கருதினார் ராபின்ஸ். 1971இல் டான் லாரியாவுடன் அதே வழியில் ஏறி, ஆணிகளை ஒவ்வொன்றாய் வெட்டி நீக்கத் தொடங்கினார். அவ்வழி வரலாற்றிலிருந்தே அழிந்திருக்கும். ஆனால் ஏற ஏற, ஆணிகளுக்கு இடைப்பட்ட பகுதிகளை ஹார்டிங் எத்தகைய திறமையோடும் துணிவோடும் கடந்திருக்கிறார் என்பதைத் தம் கைகளாலேயே உணர்ந்தார். உளியை நிறுத்தினார். எஞ்சிய ஆணிகளை விட்டுவைத்தே உச்சிக்குச் சென்றார்.

கீழே நின்று வழங்கிய தீர்ப்பு, பாதி வழியில் தளர்ந்தது. கொள்கையை அவர் கைவிடவில்லை. பிறர் உழைப்பை அழிக்கும் உரிமையையே கைவிட்டார். ஹார்டிங் 2002இலும் ராபின்ஸ் 2017இலும் மறைந்தனர். நாம் கையிலெடுத்த உளிகள் எத்தனை? பிறர் ஏறிய பாறையில் ஓர் இரவேனும் தங்கிப் பார்த்தோமா?