குழந்தைக்கு முதல் மட்டக்குதிரை: சேணம், கடிவாளம் பார்த்து வாங்குவது எப்படி?

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்தையொட்டி கூடும் சந்தையில் மாடுகளோடு குதிரைகளும் விலைக்கு வரும். பிள்ளைக்கு மட்டக்குதிரை வாங்குபவர்கள், கையில் கிடைத்த சேணத்தையும் சேர்த்து வாங்கிவிடுவது உண்டு. சிக்கலே அங்கேதான்.

சேணம் முதலில் குதிரை முதுகுக்குப் பொருந்தணும். பிள்ளையின் சைஸ் அடுத்ததுதான். பிள்ளை உட்கார்ந்த பிறகும் அது முதுகெலும்பைத் தொடக்கூடாது. மட்டக்குதிரைக்கு உடம்பு உருண்டை. பொருந்தாத சேணம் பக்கவாட்டில் சரியும், பிள்ளையோடு சேர்ந்து. அதனால் வயிற்று வாரை ஏறும் முன் ஒரு தடவை, கொஞ்சம் நடந்த பின் இன்னொரு தடவை சரிபாருங்க.

ரொம்பக் கவனிக்க வேண்டியது அங்கவடி, அதாவது கால் வைக்கும் வளையம். ஷூவைவிட சுமார் 2.5 செ.மீ. அகலம் வேண்டும். குறுகினால் கால் சிக்கும். ரொம்பப் பெரிசானால் பாதமே உள்ளே நுழைந்துவிடும். அந்த நிலையில் பிள்ளை விழுந்தால், குதிரை இழுத்துக்கொண்டே ஓடும். குதிகால் உள்ள ஷூவும் ஹெல்மெட்டும் கட்டாயம்.

முள் வைத்த கடிவாளம் வேண்டவே வேண்டாம். வாய் புண்ணாகி, வலியில் குதிரை மிரளும். வண்டி இழுக்கும், சுமை தூக்கும் விலங்குகளுக்கு 1965-ம் ஆண்டு விதிகளே அதைத் தடை செய்திருக்கு.

பழைய சேணம் மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம், தப்பில்லை. ரேட் பேசும் முன் தையலையும் வாரையும் நல்லா இழுத்துப் பாருங்க.