வாளை வைத்த பின்

அமெரிக்கப் படைக்கு வேண்டிய விமானங்களையும் ஏவுகணைகளையும் செய்து தருபவை தனியார் நிறுவனங்கள். எதை வாங்குவது என்பதில் தளபதியர் சொல்லுக்கு மதிப்பு மிகுதி. அத்தளபதியரே ஓய்வு பெற்றதும் விற்போர் பக்கம் சென்று அமர்ந்தால் நடுநிலை நிற்குமா?

1959ஆம் ஆண்டில் செனட்டர் பால் டக்ளஸ் கணக்கெடுத்தார். படை ஒப்பந்தம் பெற்ற பெருநிறுவனங்களில் கர்னல், கடற்படைக் கேப்டன் பதவியும் அதற்கு மேலும் வகித்து ஓய்வு பெற்றோர் 721 பேர் இருந்தனர். 1961 சனவரி 17ஆம் நாள், முன்னாள் படைத்தலைவரான குடியரசுத் தலைவர் ஐசனோவர், படையும் ஆயுதத் தொழிலும் கூடிப் பெறும் செல்வாக்கைக் குறித்து நாட்டை எச்சரித்தார். ஆயினும் 1969இல் செனட்டர் பிராக்ஸ்மயர் எண்ணியபோது அத்தொகை 2,072 ஆகியிருந்தது.

சட்டம் இருமுனையிலும் வேலி இட்டது. வேலை பேசிவரும் நிறுவனத்தின் அலுவலை அதிகாரி கையாளலாகாது என்றது 1962ஆம் ஆண்டுச் சட்டம். 2017இல் இயற்றிய சட்டமோ, ஓய்வு பெற்ற மூன்று, நான்கு நட்சத்திரத் தளபதியர் ஈராண்டும், அவர்க்கு அடுத்த நிலையினர் ஓராண்டும் பாதுகாப்புத் துறையிடம் பிறர்க்காகப் பரிந்து பேசுவதைத் தடுத்தது. வேலை ஏற்பதை அது தடுக்கவில்லை.

வாய்ப்பேச்சைச் சட்டம் அளக்கலாம். பதவியில் இருக்கும்போதே நெஞ்சில் முளைக்கும் எதிர்பார்ப்பை எவ்வாறு அளப்பது? அங்கே காவல் நிற்பது மனச்சான்று ஒன்றே.