குளிர், வெப்பம், கட்டணம்: பின்லாந்து – சுவீடன் ஒப்பீட்டில் ஓர் அளவீட்டுச் சிக்கல்

பின்லாந்தும் சுவீடனும் குளிரில் பங்காளிகள். கரிம வரியைப் பின்லாந்து 1990இலும் சுவீடன் 1991இலும் விதித்தன. வீடுகளைச் சூடாக்குவதில் எந்த நாடு கூடுதல் சிக்கனம் கண்டது என்று கேட்பது இயல்பே. ஆனால் நாட்டுச் சராசரிகளை அருகருகே வைத்து அதற்கு விடை காண முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம். குளிரின் அளவு வேறு, வீட்டுக்குத் தேவைப்படும் வெப்பம் வேறு, விலைக்கு வாங்கும் எரிசக்தி வேறு.

குளிரைப் பாகைநாள் கொண்டு அளப்பர். ஒரு நாளின் சராசரி வெப்பநிலை ஓர் அடிப்படை அளவுக்கு எத்தனை பாகை கீழே உள்ளது என்று கண்டு ஆண்டு முழுதும் கூட்டுவது இம்முறை. ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட்டின் அடிப்படை 18 பாகை செல்சியஸ். சராசரி 15 பாகையைத் தாண்டிய நாளை அது சேர்ப்பதில்லை. பின்லாந்து வானிலை நிறுவனத்தின் அடிப்படை 17 பாகை. வசந்தத்தில் 10 பாகையையும் இலையுதிர்காலத்தில் 12 பாகையையும் தாண்டிய நாள்கள் கணக்கில் வாரா. ஆகவே 11 பாகை நிலவும் மே மாத நாள் ஒன்று யூரோஸ்டாட் கணக்கில் 7, பின்லாந்துக் கணக்கில் 0. அதே குளிர் அக்டோபரில் வந்தால் பின்லாந்துக் கணக்கு 6 ஆகும். வசந்தத்தில் வெயிலே வீட்டை ஓரளவு சூடாக்கிவிடும் என்பது இதன் நியாயம்.

இடமும் கணக்கை மாற்றும். தெற்கே மால்மோ முதல் வடக்கே கிரூணா வரை நீண்ட சுவீடனில் மக்கள் பெரும்பாலும் தெற்கே வாழ்கின்றனர். பரப்பளவால் சராசரி கண்டால் வடக்கின் ஆளற்ற காடுகள் தேவையைப் பெருக்கிக் காட்டும். மக்கள்தொகையால் எடையிட்ட சராசரியே பொருத்தமானது. ஒப்பீட்டின் தொடக்க, இறுதி ஆண்டுகளும் அப்படியே கணக்கை மாற்றும். 2010 கடுங்குளிர் ஆண்டு. 2020 இரு நாடுகளிலும் அதுவரை பதிவானவற்றில் மிக வெப்பமான ஆண்டு. இவ்விரண்டை முனைகளாக வைத்தால் வானிலை தந்த சேமிப்பு கொள்கையின் சாதனையாகத் தோன்றும்.

எல்லாவற்றிலும் பெரிய சிக்கலைத் தருவது ஹீட் பம்ப். 1 அலகு மின்சாரத்தைக் கொண்டு, மண்ணிலோ காற்றிலோ உள்ள 2 அலகு வெப்பத்தை ஈர்த்து, வீட்டுக்கு 3 அலகு தரும் கருவி ஒன்றைக் கொள்வோம். பின்லாந்துப் புள்ளியியல் துறை அந்தச் சுற்றுப்புற வெப்பத்தையும் வீட்டு நுகர்வில் சேர்க்கிறது; சவுனா என்னும் வெப்பக் குளியலறையைச் சூடாக்கும் ஆற்றலைக்கூடத் தனியாகக் காட்டுகிறது. சுவீடனின் எரிசக்திக் கணக்கோ நெடுங்காலம் வாங்கிய மின்சாரத்தை மட்டுமே எண்ணியது. நேரடி மின்சூடேற்றியைக் கழற்றி இக்கருவியைப் பொருத்திய வீடு சுவீடன் ஏட்டில் 3இலிருந்து 1க்கு இறங்கும். பின்லாந்து ஏட்டில் 3ஆகவே நிற்கும். அறையின் கதகதப்போ இரண்டிலும் ஒன்றுதான்.

மட்டங்கள் வேறானாலும் மாற்றத்தின் வேகத்தை ஒப்பிடலாமே என்று ஒருவர் வாதிடலாம். சுவீடன் கணக்கில் விடுபட்ட சுற்றுப்புற வெப்பத்தின் அளவு ஆண்டுதோறும் ஒன்றாக இருந்தால் அது சரி. ஆனால் ஹீட் பம்புகள் பெருகப் பெருக விடுபடுவதும் வளர்கிறது, வேகமும் திரிகிறது.

ஆதலால் ஒப்பீட்டுக்கு அடிப்படையாக வேண்டியது, ஒரு சதுர மீட்டர் தளத்துக்கு உண்மையில் கிடைத்த வெப்பம். அதையும் மக்கள்தொகையால் எடையிட்ட, ஒரே முறையில் கணித்த பாகைநாளால் சீர்செய்ய வேண்டும். வாங்கிய எரிசக்தியைத் தனித் தொடராக வைக்கலாம். முதல் தொடர் சுவரும் சன்னலும் மேம்பட்டதைக் காட்டும். இரண்டாவது தொடர், அதோடு கருவி மேம்பட்டதையும் காட்டும். சிக்கனம் என்ற ஒரே சொல்லுக்குள் இவ்விரண்டையும் அடைத்ததே குழப்பத்தின் மூலம்.